நூற்று முப்பத்தொரு காலடி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் கேட்டதற்கு, "நலமா நலமான்னு நாலு தடவை கேட்டிருக்கே, நீ என்ன டாக்டரா?" என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதிவிட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மே முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு. முப்பத்து நான்கு வருஷம் ஒரே ஆபீஸ். முதலில் சாய்வு மேசையில் பென்சிலால் வரைந்தேன், பிறகு கம்ப்யூட்டரில். ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாடி அறையைக் காலி செய்து வை. ஜூன் மாதம் வந்துவிடுகிறேன். இவள் கேலி செய்கிறாள்: "உங்களுக்கு மூத்த சம்சாரம் அந்தக் கடல்தான். நான் ரெண்டாவதா வந்தவ."

இங்கே மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் பனியன்கள். இத்தனை வருஷமும் வலது பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன். நம் வீட்டில் கடல் அந்தப் பக்கம் இருந்தது. இங்கே அந்தப் பக்கம் லிஃப்ட். அது ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகிவிட்டேன், ஆனால் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசியில் வரும் கடல் செய்திக்காகத்தான் கவரைக் கிழிக்கிறேன். எழுதச் சொல்லி அப்பாவை எந்த அலுவலகமும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் கடலுக்கு இறங்கும் நம் வீட்டுப் படிகளில் கடைசிப் படியிலிருந்து தண்ணீர் வரை நடந்து, எத்தனை காலடி என்று நோட்டில் எழுதினார். அவருக்குப் பிறகு நீ விடாமல் எழுதுகிறாய். அலையைத் தடுக்கக் கடலில் சுவர் கட்டுவதைப் பற்றி ஊர் கூடிப் பேசிய அந்தக் கூட்டத்துக்கு நீ கூப்பிட்டும் நான் வரவில்லை. லீவு இல்லை என்றேன். ஆறு வருஷம் ஆகப்போகிறது. நீ ஒரு வருஷம் எழுதாமல் இருந்தாய். அதைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

மணல் எப்படி இருக்கிறது? எத்தனை காலடி? மறக்காமல் எழுது. இந்த மாதக் கடைசியில் ஆபீசில் ஒரு கூட்டம். அதற்கும் தேவைப்படும்.

உன் தம்பி

•

ஜனவரி 18

அடே நண்டு,

ஓய்வு பெறுகிற ஆளை நண்டு என்று கூப்பிடலாமா என்றெல்லாம் நான் யோசிப்பதில்லை. எதைக் கேட்டாலும் பக்கவாட்டில் ஓடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? "நேரில் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் அந்த ஓட்டம்தான்.

மாடி அறை ஒழுகுகிறது. கொத்தனார் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மூன்று மாதமாகக் கதை சொல்கிறார். மேல்சுவரெல்லாம் பூஞ்சை. ஜூனில் வந்து நீ எங்கே படுப்பாய்? கொஞ்சம் பொறு. அடுத்த வருஷம் பார்க்கலாம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது.

கடையில் கூட்டம்தான். குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு கொடுத்து, துணி மாற்றும் அறைச் சாவி கொடுத்து, திரும்ப வாங்கி, துவைத்துக் காயப்போட்டு நிமிர்வதற்குள் பொழுது போய்விடுகிறது. நாற்பது துண்டும் ஈரம். இந்த லட்சணத்தில் என் மூக்குக் கண்ணாடியின் காது உடைந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போனில் பேசலாமே என்று உன் வீட்டுக்காரி சொன்னாளாம். வேண்டவே வேண்டாம். போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை. எழுதினால்தான் நம் இரண்டு பேருக்கும் நாகரிகம் வருகிறது.

கடல் செய்தி: காலை ஏழு மணி. காற்று தெற்கு. கடைசிப் படியிலிருந்து தண்ணீர் வரை நூற்று முப்பத்தொரு காலடி. மணல் உலர்ந்திருக்கிறது. இன்றைக்கு அலைக்குப் பள்ளிக்கூடம் போக மனசில்லை.

அக்கா

•

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நூற்று முப்பத்தொன்று! படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்பா காலத்திலேயே தொண்ணூற்றிரண்டைத் தாண்டியதில்லை. மணல் குறையவில்லை என்பது மட்டும் இல்லை, கூடியிருக்கிறது! அலைக்குப் பள்ளிக்கூடம் போக மனசில்லையாம். இந்த வயதிலும் உனக்குக் குறும்பு போகவில்லை.

இன்றைக்கு எனக்கு இருக்கிற சந்தோஷத்தில், ஆறு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

நம் ஊர்ச் சுவரை வரைந்தது நான். என் மேசைக்குத்தான் வந்தது. நம் வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி, கடலுக்குள் கல் சுவர். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு ஆள் வரைந்திருப்பான். நான் சொல்லவில்லை. உன் கூட்டத்துக்கு வந்திருந்தால், அப்பாவின் நோட்டை நீ மடியில் வைத்துக்கொண்டிருக்க, எதிர்ப் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். எந்த முகத்தோடு உட்காருவேன்? லீவு கேட்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் மணல் எப்படி, மணல் எப்படி என்று நான் கேட்டது கடல் ஆசையில் மட்டும் இல்லை, என் சுவர் மணலைத் தின்றுவிடுமோ என்ற பயத்திலும்தான். ஒவ்வொரு தடவையும் நீ எழுதும் எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

சொன்னேனே, ஆபீசில் கூட்டம் என்று. இன்னொரு ஊரில் இதே மாதிரி சுவர் கட்டப் போகிறார்கள். அதையும் நான்தான் வரைந்தேன். அந்த ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எங்கள் இன்ஜினியர் படம் போட்டு, எண் காட்டி, ஒரு மணி நேரம் பேசினார். அவர்களில் கடற்கரையில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் எழுந்து, "சார், இந்தக் கோடு புள்ளியெல்லாம் எனக்குப் புரியாது. உங்க வீட்டு வாசல்ல இதைக் கட்ட விடுவீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன். "எங்க வீட்டு வாசல்ல கட்டியாச்சுங்க" என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்த உன் கடிதத்தை எடுத்து கடல் செய்தியைப் படித்தேன். பள்ளிக்கூட வரிக்குச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினைந்து பேரும் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முப்பத்து நான்கு வருஷத்தில் அந்த ஆபீசில் என் பேச்சை யாராவது கேட்டது அன்றைக்குத்தான். எல்லாம் உன் புண்ணியம்.

கோபம் வந்தால் திட்டி எழுது. ஆனால் எழுது.

நண்டு

•

பிப்ரவரி 7

என் கடிதங்களை இனிமேல் யாருக்கும் படித்துக் காட்டாதே. படித்ததை வாபஸ் வாங்க முடியுமா? கல் போட ஆரம்பித்துவிட்டார்களா? உடனே பதில் போடு.

அக்கா

•

பிப்ரவரி 11

அக்கா,

உன் மூன்று வரிக் கடிதம் வந்தது. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அது வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன்.

நம் ஊர் வரைபடத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா அதை விரித்து, நூற்று முப்பத்தொரு காலடி எதுவரை போகிறது என்று குறிக்க ஆசைப்பட்டேன். அப்பா நடை ஒன்றுக்கு இரண்டரை அடி. உன் நடையும் ஏறத்தாழ அதுதான். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் முந்நூற்று இருபது அடிக்கு மேல் வருகிறது. அதாவது நீ மணலிலேயே நடந்து போய் என் சுவரையும் தாண்டி நிற்கிறாய். மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அப்பாவுக்குப் பன்னிரண்டு நாள் காய்ச்சல். எனக்கு ஒன்பது வயது. "போய் எண்ணிட்டு வாடா, நாள் விட்டுப்போகக் கூடாது" என்று நோட்டை என் கையில் கொடுத்தார். என் காலுக்கு நூற்று முப்பத்தொன்று வந்தது. எண்ணை மட்டும் எழுதினால் நோட்டில் இடம் வீணாகிறதே என்று, எனக்குத் தோன்றியதையும் சேர்த்து எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் போக மனசில்லாதது அலைக்கு இல்லை, அக்கா. எனக்கு.

அந்த வரியைத்தான் நீ எனக்கு அனுப்பியிருக்கிறாய். அதைத்தான் நான் பதினைந்து பேர் முன்னால் படித்திருக்கிறேன்.

எத்தனை வருஷமாக? இப்போது எத்தனை காலடி? உண்மையைச் சொல்லு. கல் போட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

தம்பி

•

பிப்ரவரி 16

தம்பி,

காலடி இல்லை. எண்ணுவதற்கு மணல் இருந்தால்தானே. இப்போது நான் படிகளைத்தான் எண்ணுகிறேன். பதினாலில் எத்தனை தண்ணீருக்குள் இருக்கிறது என்று. இன்று காலை ஒன்பது. கீழே மூன்று படி உடைந்தே போய்விட்டது.

கல் போட ஆரம்பித்த முதல் வருஷமே முப்பது காலடி போயிற்று. அப்போது நான் உன்னோடு பேசாமல் இருந்த நேரம். பிறகு நீதான் எழுதினாய்: "வேறு ஒன்றும் எழுத வேண்டாம் அக்கா, கடல் செய்தி மட்டுமாவது எழுது" என்று. எழுத உட்கார்ந்தேன். அறுபது என்று எழுத வேண்டும். கை வரவில்லை. அவன் அங்கே லிஃப்ட் சத்தத்தில் படுத்துக்கொண்டு இதை நினைத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்காவது இருக்கட்டுமே என்று தோன்றியது. அப்பாவின் பழைய நோட்டில் அதே தேதியைப் பார்த்து எழுதினேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். அது ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. பாதிதான் இரக்கம். மீதி ஆத்திரம். கூப்பிட்டபோது வராதவனுக்கு உண்மை எதற்கு, பொம்மைக் கடலை வைத்து விளையாடட்டும் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு கவரையும் ஒட்டும்போது இரண்டும்தான் இருந்தது.

அந்த நூற்று முப்பத்தொன்றைக் கண்ணாடி இல்லாமல் எழுதினேன். நீயோ அப்பா மாதிரியே எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எழுதி வைத்திருக்கிறாய். அவர்தான் காய்ச்சல் வேகத்தில் வேடிக்கையாக எழுதினார் என்று நினைத்துவிட்டேன். எண் பெரிதாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பெரிதாக இருந்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நாற்பது துண்டும் பெட்டியில் உலர்ந்து கிடக்கின்றன. பக்கத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மாடி ஒழுகவில்லை. கொத்தனார் கதை என் கதை.

நீ வரைந்த சுவர் என்று படித்தபோது, சூடான இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். விரிப்பு கருகியது. திட்டி முடித்த பிறகு அந்த டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தார். உன் கையைக் குலுக்கினார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் அழுதேன். உனக்குச் சொன்ன பொய் உன்னோடு நிற்கும் என்று நினைத்தேன். முகம் தெரியாத ஊருக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பது ஒரு சாக்கா? சாக்கு இல்லை.

இன்னொரு நோட்டு இருக்கிறது. உனக்கு அப்பா எண்ணை எழுதிய கையோடு, தினமும் உண்மையான எண்ணையும் எழுதி வைத்தேன். நாள் விட்டுப்போகக் கூடாது என்று நம் வீட்டில் வளர்த்த வளர்ப்பு. முதல் கல் விழுந்த நாளிலிருந்து இன்று காலை வரை இருக்கிறது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எடுத்துக்கொண்டு ஓடு. இந்த ஒரு தடவை நேராக ஓடு.

ஒன்று கேட்க வேண்டும். உன் வரைபடத்தில் நம் படிகள் இருக்கிறதா?

அக்கா

•

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நோட்டு வந்த அன்றே இன்ஜினியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் நாலு பக்கம் புரட்டினார். "உங்க அக்கா எழுதின நோட்டெல்லாம் ஆவணமா சார்?" என்றார். "அவங்க எழுதின லெட்டரை நம்பிக் கையெழுத்து வாங்கினீங்களே, அது ஆவணமா இருந்துச்சே?" என்றேன். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் வம்பு எதற்கு என்று அறிவுரை சொன்னார். ஃபைல் மேலே போய்விட்டதாம். அவர் கையில் ஒன்றும் இல்லையாம். மேலே இருப்பவரைக் கேட்டேன். அவர் கையிலும் ஒன்றும் இல்லை. கல் மட்டும் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது.

பிறகு அந்த ஊருக்கே போனேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம். கையில் நோட்டு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அந்தக் கரை அப்படியே நம் கரைதான் அக்கா. நாம் சின்னதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. மணலில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். டீக்கடைக்காரர் தூரத்தில் பார்த்ததுமே, "சார், வாங்க வாங்க! அக்கா சௌக்கியமா?" என்று கூப்பிட்டார். நோட்டைக் கொடுத்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார். தொண்ணூறு, எண்பத்தாறு, எழுபது, அறுபத்திரண்டு என்று விரலை வைத்துக்கொண்டே வந்தார். காலடி நின்று படி ஆரம்பிக்கிற பக்கத்தில் விரல் நின்றது. அந்தச் சுவரையும் இந்தச் சுவரையும் வரைந்தவன் நான்தான் என்று அப்போது சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க, சரி" என்றார். நோட்டை மூடிவிட்டு, "ஆனா அன்னைக்கு நீங்க படிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அதனாலதான் நம்பிட்டேன்" என்றார்.

மறுநாள் பதினைந்து பேரும் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒரு கடிதம் எழுதி, என் பெயரும் வேலையும் போட்டு, அதோடு சேர்த்துக் கொடுத்தேன். வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். கடலுக்குள் இருநூறு அடி நீளத்துக்குக் கல் போட்டாகிவிட்டது. நிறுத்தியது நிரந்தரமாகவா, ஒரு மாதத்துக்கா, யாருக்கும் தெரியவில்லை. போட்ட கல்லை எடுப்பார்களா என்று கேட்டேன். எடுத்த வழக்கம் இல்லையாம்.

ஓய்வு மே வரை காத்திருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் கிடையாது. இவள் தட்டில் சோற்றைப் போட்டு, "மூத்தவளைப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நோட்டை டீக்கடைக்காரரிடமே விட்டுவிட்டு வந்தேன். உன்னைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

படிகளைப் பற்றிக் கேட்டாய். வரையவில்லை. வீடு ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதான். அந்த அளவில் படிக்கு இடம் வராது. அந்தச் சதுரத்துக்குள் நீ இருக்கிறாய் என்று தெரிந்துதான் வரைந்தேன். சுவர் வந்தால் புயலுக்கு நீ பயப்பட வேண்டாம் என்றும் நினைத்தேன். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. நினைத்தேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் வரட்டுமா அக்கா? பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரியும். இருந்தபோது வராமல் இப்போது கேட்க வெட்கமாக இருக்கிறது.

நண்டு

•

மார்ச் 15

அடே நண்டு,

நோட்டு போனது போகட்டும். இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நான் வேறு வாங்கிவிட்டேன்.

வரட்டுமா என்று என்ன கேள்வி? உன் வீடு. மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலை முன்பு இருந்த மாதிரியே போட்டிருக்கிறேன். வலது பக்கம் திரும்பிப் படுத்தால் சத்தம் கேட்கும். முன்னைவிடப் பக்கத்தில் கேட்கும், பயந்துவிடாதே. உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. மூத்தவள் படியேறி நிற்கிறாள், வந்து பார்த்துச் சிரிக்கட்டும்.

நான் உன்னைத் திட்டுவேன். முதல் நாள் நிச்சயமாகத் திட்டுவேன், வாங்கிக்கொள். இரண்டாம் நாள் நீ என்னைத் திட்டு. ஐந்து வருஷத்துப் பொய்க்கு உனக்கும் பாக்கி இருக்கிறது. உன் ஆபீஸ் கூட்டத்துக்கு முன்னாலேயே நான் ஒரு கடிதம் உண்மையாக எழுதியிருந்தால், நீ எழுந்து நின்றிருக்க மாட்டாய். அதை நினைக்காத நாள் இல்லை.

பார்க்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான் தண்ணீர் நன்றாக இறங்கும். வரும் ஏப்ரல் இரண்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு இறங்கும். அப்போது உடைந்த படிக்குக் கீழே மணல் தெரியும். நம் கடைத் துண்டை விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. அரை மணி நேரம் இருக்கும். ஒட்டி நின்றால் இரண்டு பேர் நிற்கலாம். முந்தின நாளே வந்துவிடு. லீவு இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

கடல் செய்தி: காலை ஏழு மணி. காற்று தென்கிழக்கு. காலடி வைக்க இடம் இல்லை. படி ஒன்பது முழுகியிருக்கிறது. அலைக்கு இன்றைக்கும் பள்ளிக்கூடம் போக மனசில்லை, நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

அக்கா